கேள்வி – பதில்: அபின் வகைப் போதைக்கு அபின் வகை மருந்தே சிகிச்சையா?

அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் சென்னையில் பரவிவருவது குறித்துச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: அபின் வகைப் போதைக்கு அடிமையானவருக்கு மருத்துவரே அபின் வகை மருந்தை நாள்தோறும் கொடுப்பது முறையா? அவற்றில் சிலவற்றுக்கு, அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றிய மருத்துவரிடம் பதில் பெற்றிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. ஆட்டோ ஓட்டுகிறான். நான்கு வருடமாக வலி மாத்திரையை ஊசியில் போட்டுக்கொள்கிறான். மூன்று முறை மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம். ஒவ்வொரு முறையும் வெளியே வந்து சில வாரங்களிலேயே பழையபடி ஆகிவிட்டான். இப்போது அரசு மருத்துவமனையில் தினமும் வந்து நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சீட்டைப் பார்த்த உறவினர் ஒருவர் அதுவும் அபின் வகைதான் என்கிறார். பேயை விரட்டப் பூதத்தைக் கூப்பிடுகிறோமா, டாக்டர்?
— ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: அம்மா, உங்கள் உறவினர் சொன்னது சரிதான். அந்த மாத்திரையின் பெயர் புப்ரனார்பின். அது அபின் வகையைச் சேர்ந்த மருந்து. மருத்துவமனையிலேயே இதை உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதால்தான், ஏதோ மறைத்துக் கொடுக்கிறார்கள் என்ற ஐயம் உங்களுக்கு வந்திருக்கிறது.

உங்கள் மகன் ஊசியில் ஏற்றிக்கொள்வது சில நிமிடங்களில் மூளையை எட்டி, சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. இறங்கும்போது கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், உடல்முறுக்கு, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதற்குப் பயந்து அடுத்த ஊசிக்குப் பணம் தேடி ஓடுகிறான். ஒரே நாளில் இது மூன்று நான்கு முறை நடந்தால், சவாரி ஏற்றவோ வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடவோ அவனுக்கு நேரம் ஏது? இந்த நிலைக்கு வந்துவிட்டவர்களில் பலர் சுகத்துக்காக ஊசி போடுவதில்லை. வேதனை வராமல் இருப்பதற்காகவே போடுகிறார்கள்.

புப்ரனார்பின் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது. சரியான அளவில் கொடுத்தால் ஒருவேளை மருந்து ஒரு நாள் முழுவதும் தாங்கும். அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஓர் எல்லைக்கு மேல் அதன் வேகம் கூடுவதில்லை என்பதால், மூச்சை அடக்கி உயிரைப் பறிக்கும் ஆபத்து மற்ற அபின் வகைகளைக் காட்டிலும் இதில் மிகவும் குறைவு. இன்னொன்று, மூளையில் இந்த வகைப் பொருள்கள் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளை இது இறுகப் பற்றிக்கொள்கிறது. நகரப் பேருந்தில் முதல் நிறுத்தத்திலேயே ஏறி இருக்கையைப் பிடித்துவிட்ட பயணியைப் போல இது உட்கார்ந்திருக்கும்போது, வெளியே வாங்கிய சரக்கை ஏற்றிக்கொண்டாலும் அதற்கு இடம் கிடைப்பதில்லை. எதிர்பார்த்த போதையும் வருவதில்லை.

இதே காரணத்தால் முதல் மாத்திரை கொடுக்கும் நேரம் மிக முக்கியம். ஊசி போட்ட சூட்டோடு இதைக் கொடுத்தால், ஏற்பிகளில் இருப்பதைத் திடீரென்று தள்ளிவிட்டு இது அமர்ந்துகொள்ளும். அரை மணி நேரத்துக்குள் கடுமையான உடல்முறுக்கும் வாந்தியும் வந்துவிடும். அதனால்தான் கடைசி ஊசிக்குப் பின் குறைந்தது அரை நாளாவது கழிந்து, கொட்டாவியும் மூக்கில் நீரும் தொடங்கிய பிறகே முதல் மாத்திரையைத் தருகிறோம். ‘இந்த மருந்து என் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முதல் நாளோடு அழைத்துக்கொண்டு போய்விடும் குடும்பங்கள் பலவற்றில் நடந்தது இதுதான். கடைசியாக எப்போது போட்டான் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

மருந்து கொடுக்கும் இடத்தில் நடப்பதை ஒரு நாள் நீங்களே அருகில் இருந்து பாருங்கள். பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். முந்தைய நாள் வந்தானா, குடித்திருக்கிறானா, கண் சொருகியிருக்கிறதா என்று செவிலியர் பார்ப்பார். ஒரு மடக்குத் தண்ணீரால் வாயை நனைத்துக்கொண்டபின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எச்சிலை விழுங்கக் கூடாது, ஏனென்றால் வயிற்றுக்குள் போன மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் வீணாக்கிவிடும். கடைசியில் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப முடியும். கரைந்தபின் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து விழுங்கிவிடுவது பல்லுக்கு நல்லது. பூதத்தைக் கூப்பிட்டோமோ என்ற அச்சம் இருந்தால், இந்தப் பத்து நிமிடத்தையும் அவன் முன்பு ஊசி போட்டுக்கொண்டிருந்த இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசியுங்கள். அளவு தெரிந்த மருந்து, சுத்தமான வழி, பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு செவிலியர். இவை மூன்றும் அங்கே இல்லை.

இப்போது மூன்று முறை தோற்ற மறுவாழ்வு இல்லத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படவைத்தது அந்த வரிதான். உடம்பில் இருப்பதை 21 நாளிலோ ஒரு மாதத்திலோ இறக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நோய் போய்விட்டது என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். போவது உடம்பின் பழக்கம் மட்டுமே. அதோடு சேர்ந்து உடம்பின் தாங்கும் திறனும் போய்விடுகிறது. வெளியே வந்தவன் முன்பு போட்ட அதே அளவை ஒரே ஒரு முறை போட்டாலும் மூச்சு நின்றுவிடலாம். மீண்டு வந்த சில வாரங்களுக்குள் இப்படி இறந்துபோன இளைஞர்களின் பெற்றோரிடம் பேசியிருக்கிறேன். ‘இப்போதுதான் நன்றாக ஆகிவந்தான், டாக்டர்’ என்றுதான் அவர்கள் எல்லோரும் சொல்வார்கள். உங்கள் மகன் மூன்று முறையும் உயிரோடு தப்பியிருக்கிறான்.

2003-இல் ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வை என் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வதுண்டு. ஹெராயினுக்கு அடிமையான 40 பேர். ஒரு பாதியினருக்கு ஓராண்டு முழுவதும் தினமும் புப்ரனார்பின். மறுபாதியினருக்கு ஆறே நாளில் அதைக் குறைத்து நிறுத்திவிட்டுப் பிறகு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஆலோசனையும் குழுச் சிகிச்சையும் இரு பிரிவினருக்கும் ஒன்றே. ஆண்டு முடிவில் மருந்து தொடர்ந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் சிகிச்சையில் இருந்தார்கள். மற்றப் பிரிவில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்த 20 பேரில் நால்வர் இறந்தும் போயிருந்தார்கள். மருந்து தொடர்ந்தவர்களில் யாரும் இறக்கவில்லை. மன உறுதி வாய்ந்தவர்கள் எல்லாம் ஒரு பக்கமும் அது இல்லாதவர்கள் மறுபக்கமும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்தார்கள். உங்கள் மகனைத் திட்ட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். தூக்க மாத்திரையும் சாராயமும் இந்த மருந்தோடு சேர்ந்தால், மேலே சொன்ன பாதுகாப்பு எல்லை குலைந்துவிடும். நம் நகரில் வலி மாத்திரையோடு தூக்க மாத்திரையையும் சேர்த்துப் போடும் வழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அடுத்து, போதிய அளவு கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். அபின் வகை என்ற அச்சத்தில் மிகக் குறைந்த அளவோடு நின்றுவிடும் வழக்கம் நம் மருத்துவர்களிடமும் இருக்கிறது. மாலையிலேயே உடல்முறுக்கு வருகிறது என்று அவன் சொன்னால் அளவு போதவில்லை என்று பொருள். தினமும் வருவதால் காலைச் சவாரி போகிறது என்றால் அதையும் சொல்லட்டும். நிலைமை சீராக இருப்பவர்களுக்குச் சில நாள் மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பும் முறையை 2020 பொதுமுடக்கக் காலத்தில் நம் நாட்டிலேயே கையாண்டிருக்கிறோம்.

கேள்வி: ஸ்விட்சர்லாந்தில் போதைக்கு அடிமையானவர்களுக்கு அரசாங்கமே ஹெராயின் கொடுக்கிறது என்று படித்தேன். நம்பவே முடியவில்லை. உண்மைதானா? உண்மையென்றால், நம் ஊரிலும் அப்படி வந்துவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது.
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மயிலாப்பூர்

பதில்: உண்மைதான், ஐயா. ஆனால் ‘கொடுக்கிறது’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடும் செய்தி அல்ல அது.

1980-களின் இறுதியில் சூரிக் நகரின் மையத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் பட்டப்பகலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டதால் எச்.ஐ.வி. பரவியது. 1992-இல் பூங்காவை மூடினார்கள். கூட்டம் கைவிடப்பட்ட லெட்டன் ரயில் நிலையத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். 1995-இல் அதையும் மூடினார்கள். விரட்டுவதால் மட்டும் தீராது என்று புரிந்துகொண்ட அந்நாட்டு அரசு, 1994-இல் தொடங்கிய ஒரு சோதனைத் திட்டத்தில், வேறு எந்தச் சிகிச்சையும் பலிக்காதவர்களுக்கு மருந்துத் தரத்தில் தயாரித்த ஹெராயினை மருத்துவர் கண்காணிப்பில் தரத் துணிந்தது.

யாருக்கு என்பதுதான் முக்கியம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டு கடும் அடிமைத்தனம் இருக்க வேண்டும். வேறு சிகிச்சைகளைக் குறைந்தது இரண்டு முறை முயன்று தோற்றிருக்க வேண்டும். நோயாளி ஒரு நாளில் இரண்டு முறை மையத்துக்கு வருகிறார். குடித்திருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். அவருக்கென்று அளந்து நிரப்பிய ஊசி, சுத்தமான மேசை, எதிரே ஒரு செவிலியர். போட்டுக்கொண்டபின் உடனே வெளியேறுவதற்கில்லை. மூச்சும் நினைவும் சீராக இருக்கின்றனவா என்று கவனிப்பதற்காகச் சிறிது நேரம் அங்கேயே உட்கார வேண்டும். வழக்கமாக ஊசி மருந்து வாசலைத் தாண்டிப் போகாது. இவ்வளவு காவலும் வீண் அல்ல. ஊசியில் ஏற்றும் ஹெராயின் மூச்சுத் தளர்வையும் வலிப்பையும் அந்த மேசையிலேயே உண்டாக்கக்கூடியது; உண்டாக்கியும் இருக்கிறது. உடனே கவனிக்க ஆள் இருந்ததால் உயிர் தப்பினார்கள்.

14 ஆண்டுகள் கழித்து, 2008 நவம்பர் 30 அன்று, இதைச் சட்டத்தில் நிரந்தரமாக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். 68 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். திருட்டு குறைந்ததையும் பூங்காக்கள் பூங்காக்களாகத் திரும்பியதையும் கண்ணால் பார்த்த மக்கள் அளித்த வாக்கு அது. அந்நாட்டில் இன்றும் அபின் வகை மருந்து சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினருக்கே ஹெராயின். மற்றவர்கள் மெத்தடோன் (குடிக்கும் அபின் வகை மருந்து) போன்ற வாய்வழி மருந்துகளிலேயே நலமாக இருக்கிறார்கள்.

பிற நாடுகளும் சோதித்துப் பார்த்தன. மெத்தடோன் சிகிச்சையில் இருந்தும் வெளியே ஹெராயின் வாங்குவதை விட முடியாத 127 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. தெருவில் விற்கும் ஹெராயினைப் பெருமளவு விட்டொழித்தவர்கள், கண்காணிப்பில் ஹெராயின் ஊசி பெற்ற பிரிவில் 66 சதவீதம். வாய்வழி மெத்தடோன் பிரிவில் 19 சதவீதம். ஹெராயினுக்குப் பதிலாக, மருத்துவமனைகளில் வழக்கமாகப் பயன்படும் ஹைட்ரோமார்போன் என்ற வலி மருந்தையே ஊசியாகக் கொடுத்தாலும் ஏறத்தாழ அதே பயன் கிடைக்கிறது என்று கனடாவின் வான்கூவரில் நடந்த ஆய்வு 2016-இல் காட்டியது.

இதிலிருந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்தாலே எதுவும் சிகிச்சையாகிவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்களைப் பறித்த பேரழிவுக்கு வித்திட்டதே, 1990-களின் பிற்பகுதியிலிருந்து வலிக்கு என்று அளவில்லாமல் எழுதப்பட்ட அபின் வகை மாத்திரைகள்தான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2020-க்குப் பின் ஹைட்ரோமார்போன் மாத்திரைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது. அவற்றில் ஒரு பகுதி கைமாறி விற்பனைக்குப் போவதாகக் குற்றச்சாட்டு எழுந்து, 2025-இல் மீண்டும் கண்ணெதிரே உட்கொள்ளும் முறைக்கே திரும்பினார்கள். கண்காணிப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சரக்கு மட்டுமே.

நம் ஊரில் வருமா என்று கேட்டீர்கள். ஹெராயின் கொடுக்கும் மையம் இன்று இந்தியாவில் எங்கும் இல்லை. ஆனால் அந்த எண்ணம் நம் சட்டத்துக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 71-ஆவது பிரிவு, அரசிடம் பதிவு செய்துகொண்ட அடிமைநோயாளிகளுக்கும் மருத்துவத் தேவை உள்ள பிறருக்கும் போதைப்பொருளை நிபந்தனைகளோடு வழங்கும் மையங்களை அரசு அமைக்கலாம் என்கிறது. கடுமைக்குப் பெயர்போன ஒரு சட்டத்துக்குள் இப்படி ஒரு பிரிவு இருப்பது வழக்கறிஞர்களில் பலருக்குமே நினைவில் இருப்பதில்லை.

என் கருத்தைக் கேட்டால், சென்னைக்கு இன்று தேவை ஹெராயின் மையம் அல்ல. அது மாடியின் கடைசிப் படி. நமக்கு முதல் படிகளே இன்னும் சரியாகக் கட்டி முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் புப்ரனார்பினையும் 2005-இலேயே இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-08 வாக்கில் புப்ரனார்பின் மையங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மெத்தடோன் 2012-இல் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் 2019-இல் வெளிவந்த மத்திய அரசின் கணக்கெடுப்புப்படி நாட்டில் ஊசி வழியே போதை ஏற்றிக்கொள்வோர் சுமார் 8.5 லட்சம் பேர். அவர்களில் இந்த மருந்து எட்டுவது சிறு பகுதியினரை மட்டுமே. காலையில் வேலைக்குப் போகுமுன் நடந்தே போய் மருந்து வாங்கும் தூரத்தில், போதிய அளவோடு, அவமதிக்காத ஒரு மையம் வடசென்னையின் ஒவ்வொரு பகுதியிலும் இருந்தால், ஹெராயின் வரை போகத் தேவைப்படுவோர் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். அந்தச் சிலருக்கு அதுவும் தேவை என்று அன்றைக்கு மருத்துவ உலகம் சொன்னால், நீங்கள் அஞ்ச வேண்டாம் என்றே சொல்வேன்.

கேள்வி: என் கணவர் எட்டு மாதமாக மெத்தடோன் குடிக்கிறார். வேலைக்கும் ஒழுங்காகப் போகிறார். போன மாதம் காசநோய் என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். இரண்டு வாரத்தில் ‘மெத்தடோன் போதவில்லை, உடம்பு முறுக்குகிறது’ என்கிறார். பழையபடி பொய் சொல்லி அளவைக் கூட்டப் பார்க்கிறாரோ என்று பயமாக இருக்கிறது. நாத்தனார் திருமணத்துக்குள் மருந்தை முழுவதும் நிறுத்தச் சொல்லி மாமியார் வேறு நெருக்குகிறார்.
— வாசகி, பெரம்பூர்

பதில்: சகோதரி, உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், கல்லீரலைத் தூண்டி மெத்தடோனை வழக்கத்தைவிட வேகமாகச் சிதைத்து வெளியேற்றச் செய்கிறது. நேற்று வரை ஒரு நாள் தாங்கிய அதே அளவு, இப்போது அரை நாள்கூடத் தாங்காது. மருந்து தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் இது தலைகாட்டும் என்பதால் நீங்கள் எழுதியிருக்கும் காலக்கணக்கும் அச்சாகப் பொருந்துகிறது. நாளைக்கே இரு மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு மெத்தடோன் மையத்துக்குப் போங்கள். மெத்தடோன் அளவைப் படிப்படியாகக் கூட்டலாம். அல்லது காசநோய் மருத்துவரோடு கலந்து ரிஃபாம்பிசினுக்கு மாற்று மருந்தை யோசிக்கலாம். அவராகவே காசநோய் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. உடல்முறுக்கைத் தாங்க முடியாமல் அப்படி நிறுத்தியவர்கள் உண்டு; அதனால் மருந்துக்கு அடங்காத காசநோய் வந்தவர்களும் உண்டு. இன்னொன்றையும் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காசநோய் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசின் நிற்கும்போது, கூட்டிய மெத்தடோன் அளவு உடம்புக்கு அதிகமாகிவிடும். அப்போது அதை மருத்துவர் திரும்பக் குறைக்க வேண்டும். முடிவுத் தேதியை மையத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மாமியாருக்குச் சொல்ல வேண்டியது இது. மெத்தடோனுக்குக் கல்யாணத் தேதி, ஆடி, தை என்று கெடு வைக்க முடியாது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த கணக்கில், மெத்தடோன் சிகிச்சையில் இருந்த காலத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 11 பேர் இறந்தார்கள். நிறுத்திவிட்டு வெளியேறிய காலத்தில் 36 பேர். வெளியேறிய முதல் சில வாரங்களே மிக ஆபத்தானவை. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் பழைய நண்பர்களும் வருவார்கள். அந்த வாரத்தில்தான் அவருக்கு மருந்து கட்டாயம் தேவை. நிலைமை நீண்ட நாள் சீராக இருந்து, அவரே விரும்பி, மருத்துவரும் ஒப்புக்கொண்டால், மாதக்கணக்கில் மிக மெதுவாகக் குறைத்து நிறுத்தலாம். சிலருக்குப் பல ஆண்டுகள் தேவைப்படும், அதிலும் குற்றமில்லை. மாமியாரை ஒரு நாள் ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். ‘மகன் போதையில் இல்லை, மருந்தில் இருக்கிறான்’ என்பதை உங்களைவிட வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் சொன்னால் சில பெரியவர்கள் எளிதில் ஏற்றுக்கொள்வார்கள். மலச்சிக்கலும் அதிக வியர்வையும் இந்த மருந்தில் சாதாரணம். அளவு கூடும்போது இதயத் துடிப்பின் தாளம் மாறுகிறதா என்று பார்க்க ஓர் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: தினமும் மையத்துக்கு அலைவதற்குப் பதில் புப்ரனார்பினை மருந்துக் கடையில் நாங்களே வாங்கித் தம்பிக்குக் கொடுக்கலாமா?
— அண்ணன், ராயபுரம்

பதில்: கூடாது. இந்தச் சிகிச்சைக்கான மாத்திரை அங்கீகாரம் பெற்ற சிகிச்சை மையங்களுக்கே வழங்கப்படுகிறது. அதற்கு வலுவான காரணமும் உண்டு: இதே புப்ரனார்பின் வலிக்கான ஊசி மருந்தாகக் கடைகளில் எளிதில் கிடைத்த காலத்தில், அதோடு ஒவ்வாமை மருந்தையும் தூக்க மருந்தையும் கலந்து சென்னையில் எத்தனையோ பேர் நரம்பில் ஏற்றிக்கொண்டார்கள். எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் அவர்களிடையே பரவின. நல்ல மருந்தே ஆனாலும், யார் கையிலிருந்து எந்த வழியில் உடம்புக்குள் போகிறது என்பதைப் பொறுத்தே அது மருந்தாகவோ விஷமாகவோ ஆகிறது. அலைச்சல்தான் பிரச்சினை என்றால் அதை மையத்தில் சொல்லி வழி கேளுங்கள்.

கேள்வி: என் அறை நண்பன் பிரவுன் சுகர் (கலப்பட ஹெராயின்) பழக்கத்தில் இருக்கிறான். சிகிச்சைக்குப் போனால் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நடுங்குகிறான். கல்லூரிக்கும் தெரிந்துவிடுமாம். எங்கே போவது?
— மாணவர், தாம்பரம்

பதில்: தம்பி, மருத்துவரிடம் போகிறவரைக் காவல்துறையிடம் ஒப்படைக்கும் வேலை மருத்துவருடையது அல்ல. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதை அடிமைத்தனத்தையும் மனநோய்க்குள் சேர்த்து, நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. உன் நண்பன் அனுமதிக்காமல் கல்லூரிக்குச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமைநோயாளி, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், அவர்மீது வழக்கு நடத்துவதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டால் அந்த விலக்கு ரத்தாகலாம். விற்றவர்களுக்கு இது பொருந்தாது.

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் போதை மீட்புப் பிரிவுக்கோ, ஏதேனும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ போகலாம். 2025-இல் தமிழக அரசு தொடங்கிய ‘கலங்கரை’ மையங்களும் அரசு மருத்துவமனைகளிலேயே இயங்குகின்றன. போகுமுன் பேச வேண்டுமென்றால் 14446 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். நீயும் கூடவே போ. முதல் நாள் வரிசையில் நிற்கும்போதுதான் பலர் திரும்பி நடந்துவிடுகிறார்கள்.

கேள்வி: என் தங்கை மூன்று மாதக் கர்ப்பிணி. புப்ரனார்பின் எடுக்கிறாள். குழந்தைக்காக உடனே நிறுத்திவிடலாமா?
— வாசகி, திருவொற்றியூர்

பதில்: நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் மீண்டும் பழைய போதைக்குப் போய்விடும் ஆபத்துதான் தாய்க்கும் சிசுவுக்கும் பெரியது. கர்ப்ப காலம் முழுவதும் புப்ரனார்பினையோ மெத்தடோனையோ தொடர்வதே உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் முறை. பிறந்த குழந்தைக்குச் சில நாள் அழுகை, நடுக்கம், பால் குடிப்பதில் சிரமம் வரலாம். அது சிகிச்சைக்கு அடங்கும். ஆகவே பிரசவம் குழந்தைகள் பிரிவு உள்ள மருத்துவமனையில் நடக்கட்டும், மருந்தைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். எச்.ஐ.வி. போன்ற வேறு தடைகள் இல்லாவிட்டால் தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் தெருப் பையன் ஒருவன் ஊசி போட்டபின் சுவரோரம் நீலம் பாரித்துக் கிடந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்தோம், உப்புத் தண்ணீர் கொடுக்க முயன்றோம். 108 வந்து காப்பாற்றினார்கள். மறுபடி நடந்தால் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், புளியந்தோப்பு

பதில்: 108-ஐ அழைத்ததுதான் அவனைக் காப்பாற்றியது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ உப்போ எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மூச்சு மிக மெதுவாக, குறட்டையும் களகளப்புமாக இருப்பது, உதடு நீலமாவது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருப்பது ஆகியவை அபின் வகை மருந்து மிகுந்துவிட்டதன் அடையாளங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றுவிட்டால், முதலுதவி தெரிந்தவர் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கட்டும். நாடித்துடிப்பு இல்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவியையும் தொடங்க வேண்டும். கூட இருந்தவர்கள் பயந்து ஓடிவிடாமல், என்ன போட்டான், எப்போது போட்டான் என்பதை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் நலாக்சோன் என்ற முறிவு மருந்தைக் கொடுப்பார்கள். சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்து, ‘எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்’ என்பான். அழைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். நலாக்சோனின் வேகம் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் தணிந்துவிடும்; உள்ளே போன மருந்து அதைவிட நீண்ட நேரம் இருக்கக்கூடும். அது மெத்தடோனாக இருந்தால் அடுத்த நாள் வரைகூட நீடிக்கும். மருத்துவர் போகலாம் என்று சொல்லும் வரை வார்டிலேயே இருக்கட்டும். அவன் தேறியபின், அதே மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வீட்டார் யாராவது ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.